மஜ்ஜையை விட்டு நுரையீரலைப் பிடித்தது

கீமோ நடக்கும் வீட்டில் சில விஷயங்கள் எல்லோருக்கும் பழகிப்போயிருக்கும். முடி கொட்டும். வாய் புண்ணாகும். தாளிக்கும் வாசனை வந்தாலே குமட்டும். ஒவ்வொரு சுற்றுக்கும் முன்னால் ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, "கவுண்ட் இறங்கியிருக்கு, அடுத்த வாரம் வாங்க" என்று திருப்பி அனுப்புவார்கள். இதற்கெல்லாம் காரணம் ஒன்றுதான். பெரும்பாலான கீமோ மருந்துகள் வேகமாகப் பெருகும் செல்களைக் குறிவைப்பவை. மயிர்க்கால், வாய் முதல் குடல்வரை உள்ள உட்படலம், எலும்பு மஜ்ஜை ஆகிய மூன்றும் ஓயாமல் புதுச் செல்களை உண்டாக்கிக்கொண்டிருக்கும் இடங்கள். அடி அங்கேதான் முதலில் விழும்.

நுரையீரல் இந்தக் கூட்டத்தில் சேராது. அதன் செல்கள் நிதானமாகப் புதுப்பித்துக்கொள்பவை. ஆனாலும் சில மருந்துகள் நுரையீரலைத் தேடிப் பிடிக்கின்றன. 1950களில் நாள்பட்ட ரத்தப் புற்றுநோய் ஒன்றுக்கு பியூசல்ஃபான் என்ற மாத்திரை வந்தது. அதை நீண்டகாலம் சாப்பிட்ட சிலருக்கு நுரையீரல் நாராக இறுகிப்போனதை 1961-இல் அமெரிக்க மருத்துவர்கள் எழுதினார்கள். அன்று அதைப் பெரிதாக யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. உயிரே சில ஆண்டுகள்தான் என்ற நிலையில் நுரையீரலைப் பற்றி யார் கவலைப்படுவார்கள்? புற்றுநோய் குணமாகத் தொடங்கிய பிறகுதான் குணமானவர் எதைக்கொண்டு மூச்சுவிடுவார் என்ற கேள்விக்கு அர்த்தம் வந்தது. அந்தக் கேள்வியைக் கிளப்பிய மருந்து பிளியோமைசின்.

அதைக் கண்டுபிடித்தவர் டோக்கியோவின் ஹமாவோ உமேசாவா. மண்ணில் வாழும் நுண்ணுயிர்களிடமிருந்து மருந்து பிரிப்பதில் கைதேர்ந்தவர். நம் காசநோய் வார்டுகளில் பல காலம் ஊசியாகப் போட்ட கனமைசினும் அவர் தந்ததுதான். கிருமியைக் கொல்லும் பொருள்களை உண்டாக்கும் ஸ்ட்ரெப்டோமைசிஸ் இனங்களில் புற்றுநோய்க்கும் மருந்து கிடைக்கும் என்று 1950களிலேயே அவர் தேடத் தொடங்கினார். முதலில் கிடைத்த ஃபிளியோமைசின் கட்டிகளைச் சுருக்கியது. ஆனால் நாய்களின் சிறுநீரகத்தைக் கெடுத்தது. அதன் சாயலில் ஆபத்துக் குறைந்த ஒன்று வேண்டும் என்று மேலும் தேடியபோது, ஸ்ட்ரெப்டோமைசிஸ் வெர்டிசிலஸ் என்ற நுண்ணுயிரின் வளர்ப்பிலிருந்து பிளியோமைசின் வந்தது. 1966-இல் அதைப் பற்றி எழுதினார். பிரித்தெடுக்கும்போது செப்பு அணுவோடு பிணைந்து நீலமாக வரும். செப்பை நீக்கியபின் நோயாளிக்குக் கொடுப்பார்கள். 1973-இல் அமெரிக்காவும் அனுமதித்தது.

மருத்துவர்களுக்கு இது பிடித்துப்போனதற்குக் காரணம் மஜ்ஜைதான். மற்ற மருந்துகள் வெள்ளணுக்களைத் தரைமட்டமாக்கும்போது பிளியோமைசின் அவற்றை ஏறக்குறைய தொடாமலே விட்டது. அப்படியானால் மஜ்ஜையை ஏற்கெனவே களைக்கவைக்கும் மருந்துகளோடு சேர்த்து இதையும் கொடுக்கலாம். இரண்டு மருந்துகளின் கேடும் ஒரே உறுப்பின்மேல் விழக்கூடாது என்பது கூட்டு கீமோவின் பால பாடம். அந்த வகையில் பிளியோமைசின் கேட்டு வாங்கிய கூட்டாளி. பதிலுக்கு அது இரண்டு இடங்களில் வாலாட்டியது. ஒன்று தோல். சொறிந்த இடத்தில் சாட்டையால் அடித்ததுபோல் கறுத்த கோடுகள் விழும். மற்றது நுரையீரல்.

ஏன் இந்த இரண்டு மட்டும்? 1974-இல் உமேசாவாவின் குழுவே பதிலைக் கண்டது. பிளியோமைசினை வெட்டிச் செயலிழக்கச் செய்யும் நொதி ஒன்று உடலில் இருக்கிறது. பிளியோமைசின் ஹைட்ரோலேஸ் என்று பெயர். கல்லீரல், மஜ்ஜை எனப் பல திசுக்களில் அது தாராளமாக இருக்கிறது. தோலிலும் நுரையீரலிலும் மிகக் குறைவு. மருந்து எல்லா இடத்துக்கும்தான் போகிறது. மற்ற இடங்களில் அதன் பல்லைப் பிடுங்கிவிடுகிறார்கள், இந்த இரண்டு இடங்களில் பிடுங்க ஆளில்லை. மஜ்ஜைக்கு அது காட்டிய கருணையும் நுரையீரலுக்குக் காட்டிய கொடுமையும் ஒரே நொதியின் இருப்பும் இல்லாமையும்தான். பக்கவிளைவு என்று நாம் சொல்வது பக்கத்தில் எங்கோ தனியாக நடக்கும் ஒன்று என்ற எண்ணத்தை இந்த மருந்து உடைத்துப்போடுகிறது.

செல்லுக்குள் அது வேலை செய்யும் விதம் இன்னும் விசேஷமானது. பிளியோமைசின் தானாக எதையும் வெட்டுவதில்லை. உடலிலுள்ள இரும்பைப் பற்றிக்கொண்டு டிஎன்ஏ இழையின்மேல் போய் உட்காரும். அந்த இரும்போடு ஆக்சிஜன் சேரும்போதுதான் அது கூர்மை பெறும். டிஎன்ஏவின் இழை ஒன்றோ இரண்டுமோ அறுந்துபோகும். அதாவது இந்தக் கத்திக்கு ஆக்சிஜன்தான் சாணை. நொதி குறைவாகவும் ஆக்சிஜன் நிறைவாகவும் உள்ள உறுப்பு எது என்று கேட்டால் நுரையீரலைத் தவிர வேறு எதைச் சொல்ல முடியும்?

முதலில் அடிபடுவது காற்று நுண்ணறைகளின் உட்சுவரும் அவற்றை ஒட்டிய ரத்த நுண்குழாய்களும். புண்ணான இடத்துக்கு அழற்சிச் செல்கள் வந்து சேரும். அவை அனுப்பும் செய்திகளில் முக்கியமானது டிஜிஎஃப்-பீட்டா என்ற புரதம். அது நார்ச்செல்களைத் தட்டி எழுப்பி கொலாஜன் நெய்யச் சொல்லும். வெட்டுக்காயம் தழும்பாக ஆறுவதும் இதே வழியில்தான். கையில் விழுந்த தழும்பால் யாருக்கும் நஷ்டமில்லை. காற்றுக்கும் ரத்தத்துக்கும் இடையே அரை மைக்ரான் அளவுக்கு மெலிந்த சுவரில் தழும்பு விழுந்தால் ஆக்சிஜன் கடக்கத் திணறும்.

மருத்துவர் இதை முதலில் காதால்தான் அறிவார். நோயாளி வறட்டு இருமல் என்பார், மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்பார். முதுகின் கீழ்ப்பகுதியில் ஸ்டெத்தாஸ்கோப்பை வைத்து மூச்சை இழுக்கச் சொன்னால், பள்ளிப் பிள்ளைகளின் ஷூவில் ஒட்டுப்பட்டையைப் பிரிக்கும்போது கேட்குமே, அதுபோல ஒரு சன்னமான சரசரப்பு கேட்கும். எக்ஸ்ரே அப்போதும் சுத்தமாக இருக்கலாம். சி.டி. ஸ்கேன் முந்திக்கொள்ளும்.

நுரையீரலின் திறனை அளக்க டிஎல்சிஓ என்ற சோதனை உண்டு. மிகச் சிறிதளவு கார்பன் மோனாக்சைடு கலந்த காற்றை இழுத்து, பத்து விநாடி மூச்சை அடக்கி, பிறகு விடச் சொல்வார்கள். உள்ளே போனதில் எவ்வளவு திரும்பி வரவில்லையோ அவ்வளவு சுவரைக் கடந்து ரத்தத்தில் சேர்ந்திருக்கிறது. சுவர் தடித்திருந்தால் இந்த அளவு இறங்கும். கெட்ட நேரம், ரத்தசோகை இருந்தாலும் இறங்கும், கீமோ எடுப்பவர்களுக்கு ரத்தசோகை இல்லாமல் இருப்பது அபூர்வம். ஆகவே ஹீமோகுளோபினைக் கணக்கில் எடுத்துத் திருத்திக்கொள்ள வேண்டும். இந்தச் சோதனையை எல்லோருக்கும் எல்லாச் சுற்றிலும் செய்வதில் பயன் உண்டா என்பதில் மருத்துவர்களிடையே ஒத்த கருத்து இல்லை. என்னைக் கேட்டால், நேற்றுவரை ஏறிய படியில் இன்று பாதியில் நிற்கிறேன் என்று நோயாளி சொல்வதை ஒவ்வொரு முறையும் கேட்டு எழுதிவைப்பதற்கு ஈடாக எதுவும் இல்லை.

இன்னொரு சிக்கல், இந்த நோய் பல வேஷம் போடும். சிலருக்கு நுரையீரலில் உருண்டை உருண்டையாகத் தெரியும். புற்றுநோய் பரவிவிட்டது என்று பயப்படவைக்கும். எதிர்ப்பு சக்தி குறைந்தவருக்கு வரும் நிமோனியாபோலவும் இருக்கும். நம் ஊரில் இருமலும் மூச்சிரைப்பும் என்றால் காசநோயை முதலில் தேடுவார்கள். தேடவும் வேண்டும். ஆனால் சளியில் கிருமி கிடைக்கிறதா என்று காத்திருக்கும் நாட்களில் அடுத்த பிளியோமைசின் ஊசி ஏறிவிடக்கூடாது. சந்தேகம் வந்த அன்றே மருந்தை நிறுத்துவதுதான் முதல் சிகிச்சை. பிறகு ஸ்டீராய்டு. அழற்சி நிலையிலேயே பிடித்துவிட்டால் பலர் தேறுகிறார்கள். நாராக இறுகிய பகுதி இறுகியதுதான்.

இப்போது இந்த மருந்து சாதித்ததைச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் இவ்வளவையும் ஏன் பொறுத்துக்கொண்டார்கள் என்பது புரியாது.

விதைப்பைப் புற்றுநோய் வாலிபர்களின் நோய். உடலில் பரவிவிட்டால் பிழைப்பவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்களாக இருந்தார்கள். 1974-இல் அமெரிக்காவின் இண்டியானா பல்கலைக்கழகத்தில் லாரன்ஸ் ஐன்ஹார்ன் என்ற இளம் மருத்துவர், அப்போது புதிதாக இருந்த சிஸ்பிளாட்டினோடு வின்பிளாஸ்டினையும் பிளியோமைசினையும் சேர்த்துக் கொடுத்தார். 1977-இல் வெளியான முடிவு புற்றுநோய் உலகத்தைப் புரட்டிப்போட்டது. ஏறக்குறைய பத்தில் ஏழு பேருக்குக் கட்டிகள் முற்றிலும் மறைந்திருந்தன. பின்னர் வின்பிளாஸ்டினுக்குப் பதில் எடோபோசைடு வந்தது. அந்தக் கூட்டுக்குத்தான் இன்று பிஇபி என்று பெயர். பரவிய நிலையில் வந்தாலும், ஆபத்துக் குறைந்த பிரிவில் இருந்தால் இன்று பத்தில் ஒன்பது பேருக்குமேல் குணமாகிறார்கள். இருபத்தைந்து வயதில் குணமானவருக்கு முன்னால் ஐம்பது ஆண்டுகள் கிடக்கின்றன. அவ்வளவு காலம் அந்த நுரையீரல் உழைக்க வேண்டும்.

எத்தனை பேருக்குப் பாதிப்பு? லண்டனின் ராயல் மார்ஸ்டன் மருத்துவமனை 835 நோயாளிகளின் விவரத்தை 2003-இல் வெளியிட்டது. 57 பேருக்கு நுரையீரல் பாதிப்பு வந்தது, எட்டுப் பேர் அதனாலேயே இறந்தார்கள். யாருக்கு ஆபத்து அதிகம் என்பதும் அதில் தெரிந்தது. சிறுநீரகத் திறன் குறைந்தவர்கள், நாற்பது வயதைத் தாண்டியவர்கள், நோய் முற்றிய நிலையில் வந்தவர்கள், மொத்த அளவு 300 யூனிட்டைக் கடந்தவர்கள். சிறுநீரகம் முதலில் வருவதில் வியப்பில்லை. பிளியோமைசினில் பாதிக்கும் மேல் சிறுநீர் வழியாகத்தான் வெளியேறுகிறது. கூடவே கொடுக்கும் சிஸ்பிளாட்டின் சிறுநீரகத்தைப் பதம்பார்ப்பதில் பேர்போனது. கூட்டாளிகள் ஒருவர் உறுப்பை ஒருவர் தொடக்கூடாது என்ற பால பாடம் இங்கே சறுக்குகிறது. சிஸ்பிளாட்டின் சிறுநீரகத்தை அடிக்கிறது, வெளியேற முடியாத பிளியோமைசின் நுரையீரலில் தங்கி அடிக்கிறது.

ஆக்சிஜன் கதைக்கு வருகிறேன். கீமோ முடிந்தபின் மிச்சமுள்ள கட்டிகளை அறுவை செய்து எடுப்பது வழக்கம். 1970களில் நியூயார்க்கின் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் மருத்துவமனையில் பிளியோமைசின் பெற்ற ஐந்து நோயாளிகள் அறுவை நல்லபடியாக முடிந்த சில நாட்களில் மூச்சு நின்று இறந்தார்கள். மயக்க மருந்து நிபுணர் பால் கோல்டினரும் சகாக்களும் காரணத்தைத் தேடினார்கள். அறுவையின்போது கொடுத்த காற்றில் ஆக்சிஜன் சராசரி 39 சதவீதம். சாதாரண நோயாளிக்கு அது ஒரு பொருட்டே இல்லை. அடுத்த 12 பேருக்கு ஆக்சிஜனை ஏறக்குறைய நாம் மூச்சுவிடும் காற்றின் அளவுக்கே குறைத்தார்கள். நரம்பு வழியாக ஏற்றும் திரவத்தையும் அளந்து ஏற்றினார்கள். பன்னிரண்டு பேரும் பிழைத்தார்கள். 1978-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் இது வெளியானது. அன்றிலிருந்து பிளியோமைசின் வாங்கியவருக்கு ஆக்சிஜன் ஆகாது என்பது மயக்கவியல் பாடநூல்களில் நிலைத்துவிட்டது. ஸ்கூபா டைவிங்கும் கூடாது என்றார்கள்.

ஆய்வைக் கவனமாகப் படிப்பவர் ஒரு இடத்தில் நிற்பார். மாற்றியது ஒன்றை இல்லையே, இரண்டையல்லவா மாற்றினார்கள்? ஆக்சிஜனும் குறைந்தது, திரவமும் குறைந்தது. பிழைக்கவைத்தது எது? இருபது ஆண்டு கழித்து, 1998-இல், டோனாட்டும் லெவியும் இத்தகைய அறுவை செய்துகொண்ட 77 பேரின் பதிவுகளை அலசினார்கள். அவர்கள் கணக்கில் ஆக்சிஜனைவிட, ஏற்றிய திரவமும் ரத்தமும்தான் மூச்சுத் தொல்லையோடு அதிகம் தொடர்புடையவையாக வந்தன. அடிபட்ட நுண்குழாய்கள் ஒழுகும், அதிகம் ஏற்றினால் நுரையீரலில் நீர் கோக்கும் என்பது பொருந்திவரும் விளக்கம்தான். அதற்காக ஆக்சிஜனை நிரபராதி என்று விட்டுவிடவும் முடியவில்லை. எலி வகை விலங்குகளில் பிளியோமைசினோடு அதிக ஆக்சிஜனும் சேரும்போது நுரையீரல் மோசமாகக் கெடுவது திரும்பத் திரும்பக் காணப்பட்டிருக்கிறது, அதன் வேதியியலும் அந்தப் பக்கமே கைகாட்டுகிறது. பிரிட்டனின் ஆக்சிஜன் வழிகாட்டி இன்றும் இரண்டு பொருள்களை ஒரே மூச்சில் சொல்கிறது: களைக்கொல்லியான பாராகுவாட் விஷம், பிளியோமைசின். பாராகுவாட் நுரையீரலை என்ன செய்யும் என்பதை நம் மருத்துவமனைகளின் அவசரப் பிரிவுகளில் வேலைபார்ப்பவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. இரண்டிலும் ஆக்சிஜனைத் தேவைக்குமேல் கொடுக்காதே என்பதுதான் அறிவுரை. மூச்சு முட்டுகிறவருக்கு ஆக்சிஜனே கூடாது என்று அதைப் படித்துவிடக் கூடாது. பல்லைப் பிடுங்கப் போனாலும் சரி, பெரிய அறுவைக்குப் போனாலும் சரி, மயக்க மருந்து என்றால் பிளியோமைசின் வாங்கியதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். பத்து ஆண்டுக்கு முந்தைய பழைய ஃபைல் என்று விட்டுவிட வேண்டாம்.

ஆபத்தான மருந்தென்றால் விட்டுவிட்டால் என்ன? விட்டுப் பார்த்தார்கள். பிஇபி மூன்று சுற்றுகளில் பிளியோமைசினை மட்டும் நீக்கிப் பார்த்த அமெரிக்க ஆய்வு 1995-இல் வெளியானது. பிளியோமைசின் பெற்றவர்களில் 95 சதவீதம் பேர் உயிரோடிருந்தார்கள், பெறாதவர்களில் 86. நுரையீரலைக் காக்கப் போய் ஆளை இழப்பது என்ன கணக்கு? நீக்கினால் மற்ற இரண்டையும் நான்காவது சுற்றாக நீட்டவேண்டும், அல்லது வேறொரு மருந்தை அந்த இடத்தில் வைக்கவேண்டும். இஃபோஸ்ஃபமைடு அப்படி வந்ததுதான். 1996-இல் சைக்கிள் வீரர் லான்ஸ் ஆம்ஸ்ட்ராங்குக்கு நுரையீரலுக்கும் மூளைக்கும் பரவிய விதைப்பைப் புற்றுநோய் கண்டபோது, இண்டியானாவில் அவரைக் கவனித்த கிரெய்க் நிக்கல்ஸ் பிளியோமைசினை விட்டு இஃபோஸ்ஃபமைடுக்கு மாற்றினார். நுரையீரல்தான் அவர் பிழைப்பு. பிற்காலத்தில் ஊக்கமருந்து விவகாரத்தில் அவர் பட்டங்கள் பறிபோனது வேறு கதை. மருத்துவத் தீர்மானம் அதனால் தவறாகிவிடாது. நிக்கல்ஸ் முதன்மையாளராக இருந்த ஒப்பீட்டாய்வு 1998-இல் வெளிவந்தது. இரண்டு கூட்டும் புற்றுநோயைச் சமமாகவே அடக்கின. ஆனால் இஃபோஸ்ஃபமைடு வாங்கியவர்களின் மஜ்ஜை கூடுதலாக அடிவாங்கியது. நுரையீரலை மீட்க மஜ்ஜையை அடகு வைக்கவேண்டியிருந்தது.

ஹாட்ஜ்கின் லிம்ஃபோமா என்ற நெறிக்கட்டிப் புற்றுநோயில் கதை வேறு விதமாகத் திரும்பியது. இத்தாலியின் மிலான் நகரில் ஜியானி பொனடோனா 1970களில் உருவாக்கிய ஏபிவிடி கூட்டில் இரண்டாம் எழுத்து பிளியோமைசினுடையது. அமெரிக்காவின் மேயோ கிளினிக் 2005-இல் வெளியிட்ட 141 நோயாளிகளின் கணக்கில் 18 சதவீதம் பேருக்கு நுரையீரல் பாதிப்பு வந்திருந்தது. அதிலும் வெள்ளணுக்களை ஏற்றும் ஜிசிஎஸ்எஃப் ஊசி போட்டவர்களிடம் அது அதிகம். மறுபடியும் அதே இழுபறி: மற்ற மருந்துகள் இறக்கிய மஜ்ஜையைத் தூக்கிவிடப் போனால் நுரையீரலுக்கு வினையாகிறது. பல மருத்துவர்கள் அதன்பிறகு கவுண்ட் குறைந்திருந்தாலும் அந்த ஊசி இல்லாமலே ஏபிவிடி கொடுக்கப் பழகினார்கள்.

பிறகு வந்தது 2016-இல் வெளியான ராத்தல் ஆய்வு. இரண்டு சுற்று ஏபிவிடி கொடுத்துவிட்டு பெட் ஸ்கேன் எடுத்தார்கள். ஸ்கேன் சுத்தமாக இருந்தவர்களில் பாதிப்பேருக்கு மிச்ச நான்கு சுற்றுகளில் பிளியோமைசினை நீக்கினார்கள். மூன்று ஆண்டு முடிவில் நோய் திரும்பாமல் இருந்தவர்கள் முழு மருந்தும் வாங்கியவர்களில் 85.7 சதவீதம், நீக்கியவர்களில் 84.4 சதவீதம். கறாரான புள்ளிவிவரக்காரர் ஒருவர், ஆய்வு தானே வகுத்துக்கொண்ட எல்லையை மயிரிழையில் தவறவிட்டது என்பார். உண்மைதான். ஆனால் நுரையீரல் தொல்லை தெளிவாகக் குறைந்தது. ஆகவே பெரும்பாலான இடங்களில் இதுவே வழக்கமாகிவிட்டது. பணக்கார நாடுகளில் இப்போது பிளியோமைசினையே எடுத்துவிட்டு, முற்றிய நிலை நோயாளிகளுக்கு பிரென்டுக்சிமாப், நிவோலுமாப் ஆகிய புது மருந்துகளில் ஒன்றை வைக்கிறார்கள். அவற்றின் விலை நம் அரசு மருத்துவமனைகளுக்கு எட்டாத உயரத்தில் இருப்பதால் இங்கே ஏபிவிடிதான் ஓடுகிறது. ராத்தல் தந்த சலுகைக்கும் ஒரு நுழைவுச்சீட்டு வேண்டும், பெட் ஸ்கேன். அதற்குப் பணமும் பயணமும் இல்லாதவருக்கு மருந்தைக் குறைப்பதா வேண்டாமா என்பதை மருத்துவர் கண்ணைக் கட்டிக்கொண்டுதான் முடிவு செய்யவேண்டியிருக்கிறது.

எல்லா மருந்தும் பிளியோமைசின்போல மாதக்கணக்கில் முகத்தைக் காட்டிவிடுவதில்லை. இங்கிலாந்தில் 1972 முதல் 1976 வரை மூளைக்கட்டிக்கு கார்முஸ்டின் பெற்ற குழந்தைகளில் 17 பேர் புற்றுநோயிலிருந்து தப்பினார்கள். அவர்களில் ஆறு பேர் நுரையீரல் நாரிறுக்கத்தால் இறந்தார்கள், நால்வர் சிகிச்சை முடிந்து எட்டு முதல் 13 ஆண்டுகள் கழித்து. ஏன் இவ்வளவு தாமதம் என்பதற்கு இன்றும் திருப்தியான விளக்கம் இல்லை.

பிளியோமைசினுக்கு ஆய்வகத்தில் ஒரு இரண்டாம் வாழ்க்கை உண்டு. காரணம் தெரியாமல் நுரையீரல் நாராகும் நோய் ஒன்று முதியவர்களுக்கு வருகிறது. அதை ஆராய நோயுள்ள எலி வேண்டும். எலியின் மூச்சுக்குழாயில் ஒரு சொட்டு பிளியோமைசின் விட்டால் மூன்று வாரத்தில் நுரையீரல் நாராகிவிடும். 1970களிலிருந்து உலகெங்கும் இப்படித்தான் செய்கிறார்கள். அந்த நோய்க்கு 2014-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற பிர்ஃபெனிடோன், நின்டெடானிப் இரண்டும் இந்த எலிகளில் தேறி வந்தவைதான். அதே எலிகளைக் குணமாக்கிய எத்தனையோ மருந்துகள் மனிதரிடம் வந்து தோற்றன. காரணங்களில் ஒன்று வெளிப்படை: இளம் எலியின் நுரையீரல் மருந்தே இல்லாமல் தானாகவே ஆறிக்கொள்ளும். ஆறப்போகும் நேரத்தில் எதைக் கொடுத்தாலும் அது மருந்தாகத்தானே தெரியும்?

2014-இல் அலபாமா பல்கலைக்கழகத்தில் லூயிஸ் ஹெக்கரும் விக்டர் தன்னிக்கலும் வயதான எலிகளைத் தேர்ந்தெடுத்தார்கள். இரண்டு மாத எலிக்கும் பதினெட்டு மாத எலிக்கும் ஒரே பிளியோமைசின். இரண்டுக்கும் நுரையீரல் நாரானது ஒரே மாதிரிதான். இரண்டு மாதம் கழித்துப் பார்த்தால் இளம் எலிக்கு ஆறிவிட்டது, கிழ எலிக்கு ஆறவில்லை. வேலை முடிந்ததும் சாகவேண்டிய நார்ச்செல்கள் கிழ எலியில் சாகாமல் நின்றுவிட்டன. நாக்ஸ்4 என்ற நொதி அவற்றை ஆக்சிஜனேற்ற அழுத்தத்திலேயே வைத்திருந்தது. அந்த நொதியைத் தடுத்ததும் கிழ எலியின் நுரையீரலும் ஆறத் தொடங்கியது. ராயல் மார்ஸ்டன் பட்டியலில் நாற்பது வயதைத் தாண்டியவர்கள் ஏன் இடம்பெற்றார்கள் என்பதற்கு இது நேரடி விடை ஆகாது. எலியின் பதினெட்டு மாதமும் மனிதரின் நாற்பது வயதும் ஒன்றல்ல. ஆனால் காயம் ஏன் விழுகிறது என்பதையே அதுவரை கேட்டுவந்த ஆய்வுகள், விழுந்த காயம் சிலருக்கு மட்டும் ஏன் ஆறாமல் நிற்கிறது என்று கேட்கத் தொடங்கியிருக்கின்றன.